வானூர்திப் படிப்பு தரையில் தொடங்குகிறது

(மும்பையில் நம் சங்கத்தின் மாலை வகுப்புப் பிள்ளைகளுடைய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ஊருக்குப் போன் பேச வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதம் நம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "மேலே என்ன படிக்க ஆசை?" என்று எழுதச் சொன்னோம். ஏழு பேர் 'ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்' என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். குர்லா, காட்கோபர் பக்கம் நம் தகரக் கூரைகளுக்கு மேலேதான் விமானம் இறங்குகிறது. தினமும் அதை அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆனால் ஒரு தம்பியின் தாளில் முதலில் 'மெக்கானிக்கல்' என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு 'ஏரோநாட்டிகல்' என்று எழுதியிருந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டோம். "மெக்கானிக்கல்னா அப்பா மாதிரி கிரீஸ் கையோட நிக்கணும். ஏரோநாட்டிகல்னா விமானம்" என்றான். அவனை அழைத்துப் போக வந்திருந்த தகப்பனார் பக்கத்தில்தான் நின்றார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தத் தாளில் இருந்த அடித்தலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

"பேசுகிற நீங்கள் என்ன இன்ஜினியரா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த மேடையில் நிற்கிற நாங்கள் பத்தாவதோடு நின்றவர்கள். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள். ஆனால் நம் பிள்ளைகளின் சேர்க்கை மனுக்களை ஆண்டுதோறும் உட்கார்ந்து நிரப்புகிறவர்களும் நாங்களே. சிலவற்றில் வென்றோம். சிலவற்றில் அறியாமையால் தோற்றோம். தோற்றதில் கற்றதையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்றால் என்ன? அசைகிற எல்லாவற்றையும் பற்றிய படிப்பு. சக்கரம், அச்சு, பம்பு, எஞ்சின், கொதிகலன், லிஃப்ட், தறி எல்லாம் அதில் அடக்கம். ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே முறியும், சூடு எப்படி வேலையாக மாறுகிறது, தண்ணீரும் காற்றும் குழாயில் எப்படி ஓடுகின்றன, இரும்பை எப்படி வார்ப்பது, கடைவது, பற்றவைப்பது ஆகியவையே அதன் பாடங்கள்.

ஏரோநாட்டிகல் என்றால் என்ன? இதே பாடங்களை எடுத்துக்கொண்டு காற்றில் ஏறுகிற படிப்பு. பொதுவாக முதலாண்டில் இரண்டு பிரிவு மாணவர்களும் படிப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம், பட்டறைப் பயிற்சி. பிறகுதான் பாதை பிரிகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளித் தன்னை மேலே தூக்கிக்கொள்வது எப்படி, எஞ்சின் முன்னே தள்ளுவது எப்படி, உடல் இலேசாகவும் உறுதியாகவும் இருப்பது எப்படி, வானத்தில் தடுமாறாமல் நிலையாகப் பறப்பது எப்படி? இந்த நான்கு கேள்விகளே அந்தப் படிப்பின் தூண்கள்.

ஒரே ஒரு வேறுபாட்டைச் சொல்கிறோம். தரையில் ஓடும் எந்திரத்தில் சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் கனமான இரும்பைப் போட்டுவிடலாம். விமானத்தில் அது முடியாது. கனம் கூடினால் பயணியைக் குறைக்க வேண்டும், இல்லையேல் எண்ணெயைக் குறைக்க வேண்டும். ஆகவே, வரக்கூடிய அதிகபட்ச பாரத்தைக் கணக்கிட்டு அதைப் போல் ஒன்றரை மடங்கு தாங்கும்படி கட்டுவது விமான உடலுக்கான பொது விதி. ஒன்றரை மடங்குதான்! தரையில் இருக்கிற பல எந்திரங்களுக்கு இதைவிடக் கூடுதல் இடைவெளி வைக்க முடியும். இடைவெளி குறைந்தால் கணக்கு கூர்மையாக இருந்தாக வேண்டும். ஆகவே மெக்கானிக்கல் பிடிக்காது, கணக்கு வராது, ஆனால் விமானம் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கசப்பாக இருந்தாலும் இதை இன்றே சொல்லிவிடுவது நல்லது.

ரயில் அச்சு கற்றுக்கொடுத்த பாடம்

கிரீஸ் கைக்கு வருவோம். 1842-இல் பிரான்சில், வெர்சேல் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அச்சில் பாரம் அதிகமில்லை. பிறகு ஏன் முறிந்தது? அந்தக் காலத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை தாங்குகிற பாரத்தை இலட்சம் முறை தாங்க முடியாமல் இரும்பு களைத்துப்போகிறது என்று கண்டறிந்தார். மனிதனைப் போலவே உலோகமும் களைக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அது நாளுக்கு நாள் வளர்ந்து, ஒருநாள் முறியும்.

1954-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். உலகின் முதல் ஜெட் பயணி விமானமான பிரிட்டனின் 'காமெட்' இரண்டு, சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. அதே வகை விமானம் ஒன்றைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உடல் கிழிந்தது. ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில் தொடங்கிய கீறல்தான் காரணம். அதே உலோகக் களைப்பு! ரயில் அச்சு நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன பாடத்தை விமானம் மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

நம் ஒர்க்‌ஷாப்களில் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. சக்கரப் பிரிவில் அச்சின் முனையில் அல்ட்ராசோனிக் கருவியை வைத்து, உள்ளே கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அதே முறையைத்தான் விமானத்தின் பாகங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். தம்பி, நீ அடித்துப்போட்ட சொல்லுக்குள் உன் அப்பாவின் முப்பது வருட அறிவு இருக்கிறது. அதற்குப் பட்டம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான். அந்த அறிவோடு கணிதம் சேர்ந்தால் அது இன்ஜினியரிங்.

மூன்று பேர், மூன்று பாதை

நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து யாராவது அங்கே போயிருக்கிறார்களா என்று கேட்பீர்கள். மூன்று பேரைச் சொல்கிறோம்.

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் முதல்வர். திருச்சியில் இயற்பியல் பட்டம் முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் சேர்ந்தார். அந்தக் கல்லூரி 1949-இல் தொடங்கப்பட்டது. சேர்க்கைக்குத் தேவைப்பட்ட பணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். வீட்டில் இல்லை. அக்கா ஜோஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதைக் கலாமே எழுதியிருக்கிறார். தாய்மார்களே, இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல. நம் கோலிகளில் எத்தனை கழுத்து எத்தனை ஜூன் மாதத்தில் வெறுமையாகியிருக்கிறது! ஆனால் ஒன்றைச் சிந்திக்கச் சொல்கிறோம். நகையைக் கழற்றிக் கொடுப்பது பெண், படிக்கப் போவது ஆண் என்ற வழக்கம் இன்னும் எத்தனை காலம்? அந்த ஏழு தாள்களில் நான்கு பெண் பிள்ளைகளுடையவை என்பதை மறந்துவிடாதீர்கள். 2018 முதல் ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களே ஒதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டாமவர், குமரி மாவட்டம் சரக்கல்விளையைச் சேர்ந்த சிவன். விவசாயக் குடும்பம். தமிழ்வழி அரசுப் பள்ளி. வீட்டில் முதல் பட்டதாரி. முதலில் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்து, அதன் பிறகே எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் படித்து 1980-இல் தேறினார். 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே 2006-இல் டாக்டர் பட்டம் பெற்றார். எங்கே தெரியுமா? இதோ, நம் பவாய் ஐ.ஐ.டி.யில்! 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தார்.

மூன்றாமவரைத்தான் தகப்பன்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டும். அதே குமரி மாவட்டத்து மேலகாட்டுவிளை நாராயணன். அவர் தொடங்கியது மெக்கானிக்கல் டிப்ளமாவில். தொழிற்சாலைகளில் கொஞ்ச காலம் வேலை. 1984-இல் இஸ்ரோ. ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதி இன்ஜினியர் தகுதி பெற்று, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1989-இல் முதல் மாணவராக எம்.டெக். முடித்தார். அங்கேயே விண்ணூர்திப் பொறியியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். மைனஸ் 253 டிகிரிக் குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனை எரிக்கிற கிரையோஜெனிக் எஞ்சின்தான் அவருடைய துறை. 2023-இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேல் அடுக்கு அந்த வகையைச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் அவர் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்றார். டிப்ளமா, மெக்கானிக்கல், பிறகு வானம். 'மெக்கானிக்கல்' என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை.

ஏ.எம்.ஐ.இ. வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2013 மே 31-க்குப் பின் அதில் பதிவு செய்தவர்களுக்கு அது பட்டத்துக்குச் சமமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் வேறு வழி திறந்திருக்கிறது. பத்தாவது முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக், பிறகு நேரே பி.இ. இரண்டாமாண்டு. அதன் பிறகு 'கேட்' தேர்வு எழுதித் தேறினால் ஐ.ஐ.டி.யில் விண்ணூர்தி மேற்படிப்பு. அதற்கு மாத உதவித்தொகையும் உண்டு. மெக்கானிக்கல் படித்தவருக்கும் அந்தக் கதவு திறக்கும்.

கண்ணெதிரே இருக்கிற கல்லூரிகளைப் பாருங்கள். மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ., 1887-இல் தொடங்கிய நிறுவனம். அன்று விக்டோரியா ஜூபிலி, 1997 முதல் வீர்மாதா ஜீஜாபாய். மெக்கானிக்கல் டிப்ளமாவும் உண்டு, பட்டமும் உண்டு. பவாய் ஐ.ஐ.டி. 1958-இல் வந்தது. அங்கே மெக்கானிக்கலும் இருக்கிறது, விண்ணூர்திப் பொறியியலும் இருக்கிறது. வேலை என்று பார்த்தால் நாசிக் பக்கம் ஓஜரில் எச்.ஏ.எல். தொழிற்சாலை சுகோய் போர் விமானங்களைக் கட்டியது. எச்.ஏ.எல்., இஸ்ரோ போன்ற இடங்களில் மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். ஏரோநாட்டிகல் மட்டும் படித்தவருக்குக் கதவுகள் குறைவு. மெக்கானிக்கல் படித்தவருக்கு அந்தக் கதவுகளில் பலவும் உண்டு, ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் வேலையும் உண்டு, ஆலை வேலையும் உண்டு. கடன் வாங்கிப் படிக்க வைக்கிற குடும்பம் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்கக் கூடாது.

காகிதத்தில் தோற்றோம்

இனி எங்கள் தோல்வி. இரண்டு வருடத்துக்கு முன் நம் வகுப்புப் பெண் ஒருத்தி, தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். தகப்பனாரிடம் ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இருந்தது. அதை நம்பி மாநிலக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டோம். சான்றிதழ் சரிபார்க்கிற இடத்தில், "இது தமிழ்நாட்டுச் சான்று, இங்கே செல்லாது" என்று பொதுப் பட்டியலில் தள்ளினார்கள். கேட்ட இடம் கிடைக்கவில்லை. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் அந்தச் சான்றுக்கு மதிப்பு உண்டு என்பதோ, அதற்கு எந்தப் படிவம் வேண்டும் என்பதோ எங்களுக்குத் தெரியவில்லை. மனுவே போடவில்லை. தவறு அந்தப் பெண்ணுடையதல்ல. எங்களுடையது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பழங்குடிக் குடும்பத்து மாணவர், இங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்ட வழக்கு. ஒரு சமூகத்தின் தாழ்வு நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆகவே பட்டியலும் அந்தந்த மாநிலத்துக்கே என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 2018-இல் இன்னொரு ஐவர் அமர்வும் அந்த நிலையை உறுதி செய்தது. மகாராஷ்டிரத்தில் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தோல் பதனிடவும், சாக்கடை அள்ளவும், தண்டவாளம் போடவும் வந்த நம் பாட்டன்மார்கள் தேதி பார்த்தா ரயில் ஏறினார்கள்? விக்டோரியா டெர்மினஸில் இறங்கியதும் தீண்டாமை அவர்கள் முதுகிலிருந்து இறங்கிவிட்டதா? இந்தக் கேள்வியைச் சங்கம் விடப்போவதில்லை. மாநில அரசுக்கு மனுக் கொடுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நியாயம் வரும்வரை பிள்ளையின் வயது நிற்காது. ஆகவே இன்று இருக்கிற வழிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் சொந்த மாநிலத்துப் பட்டியல் செல்லும். தகப்பனாரின் தமிழ்நாட்டுச் சான்றை ஆதாரமாக வைத்து, மத்திய அரசு படிவத்தில் பிள்ளைக்குச் சான்று வாங்க வேண்டும். தகப்பனாருக்கே சான்று இல்லையென்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். கொடைக்கு ஊருக்குப் போகிறபோது கோயிலுக்கு மூன்று நாள், தாசில்தார் ஆபீசுக்கு ஒரு நாள் என்று ஒதுக்குங்கள். பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே இதைச் செய்யுங்கள். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் ரயிலைப் பிடிக்க முடியாது.

இரண்டு: மகாராஷ்டிரக் கல்லூரிகளில் மாநில மாணவராக மனுச் செய்ய, பொதுவாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் இந்த மாநிலத்திலேயே தேறியிருக்க வேண்டும். அத்தோடு இங்கே பிறந்ததற்கு ஆதாரமோ டொமிசைல் சான்றோ வேண்டும். "பையன் கெட்டுப்போகிறான், ஆச்சி வீட்டில் இருந்து பிளஸ் டூ படிக்கட்டும்" என்று நடுவில் ஊருக்கு அனுப்புகிறவர்கள் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

மூன்று: தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பன்னிரண்டாவது மார்க்தான். தமிழ்நாட்டைச் சொந்த ஊராகக் கொண்டவர் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்றோடு மனுப் போடலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அந்தச் சேர்க்கைக்குள்தான் வருகிறது.

நான்கு: பணம். ஐ.ஐ.டி. கல்விக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. அதைக் கேட்டுப் பயந்து மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்றவர்களில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் முழுச் சலுகை; ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு சலுகை. ஜே.இ.இ. முதல்நிலைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் அடுத்த கட்டத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு எட்டாவதிலிருந்தே ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதற்கு இதுதான் காரணம். தமிழை விடச் சொல்லவில்லை. இன்னொரு கருவியைக் கையில் கொடுக்கிறோம்.

ஐந்து: தரகரிடம் ஜாக்கிரதை. 'ஏவியேஷன்' என்று பலகை மாட்டி, சீருடை போட்டு, கழுத்துப்பட்டை கட்டிக் காட்டுவார்கள். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கிப் பெருந்தொகை கட்டியது. முடித்த பிறகு பார்த்தால் அது பட்டமும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. விமானப் பராமரிப்புப் படிப்பு என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஏ.எம்.இ. என்பார்கள். அது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. டி.ஜி.சி.ஏ. தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிற வழி. நல்ல வழிதான். ஆனால் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உள்ள இடத்தில் மட்டுமே சேர வேண்டும். ஏரோநாட்டிகல் பட்டம் வேறு, ஏ.எம்.இ. வேறு. பணம் கட்டுவதற்கு முன் ரசீதையும் விளம்பரத் தாளையும் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

முடிவாக

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இடம் கிடைக்காமல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பாலிடெக்னிக் மெக்கானிக்கலில் நேரே இரண்டாமாண்டு சேர்ந்தாள். இப்போது டிப்ளமா முடிக்கப் போகிறாள். இந்த ஆண்டு பி.இ. இரண்டாமாண்டுக்கு மனுப் போடுகிறாள். எங்கள் அறியாமை அவள் வாழ்வில் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. அந்த வருடத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களால் முடியாது. இன்னொரு பிள்ளை அப்படி இழக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்காக இந்த வாரம் முதல் புதன், சனி மாலைகளில் சான்றிதழ் மேசை போடுகிறோம். எட்டாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டாரும், இருக்கிற காகிதத்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சாதி எதுவானாலும் சரி, சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் சரி.

இன்னொரு அறிவிப்பு. வருகிற ஞாயிறு காலை வகுப்பில் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து, நாம் சொன்ன அந்த ஃபிட்டர் தோழரே பாடம் நடத்துகிறார். அச்சு எப்படிக் களைக்கிறது, கீறலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கரும்பலகையில் வரைந்து காட்டச் சம்மதித்திருக்கிறார். "எனக்குப் பேச வராதே" என்று தயங்கினார். பேச வேண்டாம் அண்ணாச்சி, செய்வதைக் காட்டுங்கள், போதும் என்றோம்.

ஏழு பிள்ளைகளும் வர வேண்டும். அந்தத் தாளை அடித்த தம்பி முதல் வரிசையில் உட்கார வேண்டும்.